ஆற்றுக்கு அடியில் ஏழு பிகா

கொல்கத்தா – 29
6.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை நாகரத்தினம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் இவரும் பெண் அக்ஷராவும் நலம். அண்ணியின் மூட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது? போன வாரம் அனுப்பிய ஈச்சவெல்லம் வந்து சேர்ந்ததா? இந்தக் குளிர்காலத்தில் மட்டும்தான் கிடைக்கும். எறும்பு கண்டுபிடிப்பதற்குள் டப்பாவில் போட்டு மூடச் சொல்லுங்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனை நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். போன தடவை, "பொய் சொல்ற குடும்பத்துல பொண்ணைக் குடுக்கறதுக்கு என்னைக் கூப்பிடாதே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கோபத்தில் மடித்துப் போட்டாலும் மீதியைப் படிக்காமல் உங்களுக்குச் சாப்பாடு இறங்காது. என் அண்ணனை எனக்குத் தெரியாதா?

உங்கள் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அக்ஷரா ஒரு வங்காளிப் பையனை விரும்புகிறாள் என்றபோது ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தீர்கள். பிறகு நீங்களே இறங்கி வந்து, பையன் கிடர்பூர் துறைமுகத்தில் லாஞ்ச் ஓட்டுகிறான், நிரந்தர வேலை, சரி. சொந்த ஊரில் நிலம் எவ்வளவு என்று மட்டும் கேள் என்றீர்கள். கேட்டேன். பதினோரு பிகா என்றார்கள். மூன்று பிகா ஒரு ஏக்கர் என்று உங்களுக்குச் சொன்னதும் நான்தான். நீங்கள் இங்கே வேலை பார்க்கும் உங்கள் சிநேகிதர் மகன் தினேஷ்குமாரை விட்டு விசாரித்தீர்கள். இருப்பது நாலு பிகாதான், மீதி ஏழும் ஆற்றோடு போய்ப் பல வருஷம் ஆயிற்று என்று அவன் சொன்னான். அவன் சொன்னது அத்தனையும் உண்மை.

எனக்கும் பற்றிக்கொண்டுதான் வந்தது. அக்ஷராவிடம் இரண்டு நாள் பேசவில்லை. நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு, இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரலாம் என்று கிறிஸ்துமஸ் விடுமுறையில் இவரையும் அக்ஷராவையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பாலிகஞ்சில் நாம்கானா லோக்கல் ரயில் ஏறி மூன்று மணி நேரம். அப்புறம் டோட்டோ என்கிற பாட்டரி ஆட்டோ. அப்புறம் படபடவென்று காதைப் பிளக்கும் மோட்டார் படகில் இரண்டு மணி நேரம். மௌசர் என்று தீவின் பெயர். நாங்கள் போன நேரம் நீர் வற்றியிருந்தது. கரைக்கும் படகுக்கும் நடுவே முழங்கால் ஆழத்துக்குச் சேறு. இவர், "விழுந்தா நான் தூக்க மாட்டேன், எனக்கே சர்க்கரை" என்று சொல்லிக்கொண்டே தானே விழுந்தார். பையனின் அப்பா தபன் ஜானா ஓடி வந்து தூக்கினார். சேறும் சகதியுமாக நின்றுகொண்டு எப்படிச் சண்டை போடுவது? முதலில் கால் கழுவத் தண்ணீர் வாங்கிக்கொண்டோம்.

அண்ணா, அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மண்மேட்டின் மேல் தகரக் கூரை போட்ட வீடு. கண்ணாடி மாதிரி மெழுகிய தரை. தூணிலெல்லாம் தாரால் கோடு போட்டிருந்தது: ஒன்றில் ஒரு கோடு, இன்னொன்றில் இரண்டு, கதவு நிலையில் ஒரு சுழி. பிள்ளைகள் கிறுக்கியது என்று நினைத்தேன். இல்லையாம். கரை உடையப்போகிறது என்று தெரிந்தால், நீர் ஏறுவதற்குள், ஐந்தாறு மணி நேரத்தில் வீட்டைப் பிரித்துத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். எந்தத் தூண் எங்கே நிற்க வேண்டும் என்பதற்குத்தான் கோடு. இதுவரை நாலு தடவை பிரித்துக் கட்டியிருக்கிறார்கள். ஊரே கூடித் தூக்குமாம், கூலி கிடையாது. இங்கே எங்கள் பிளாட்டில் ஒரு பீரோவை மாடியிலிருந்து இறக்கக் கூப்பிட்டால் எதிர்வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொள்கிறார்.

குடிதண்ணீர்க் குழாய் அரைமைல் தள்ளி இருக்கிறது. கரண்ட் என்பது கூரைமேல் இருக்கும் ஒரு சோலார் தகடுதான். அதில் இரண்டு விளக்கும் போனும் ஓடும். புயலில் உப்புத்தண்ணீர் ஏறினால் மூன்று மழைக்காலம் போனால்தான் வயல் வயலாகும். அப்படியும் ஒரு பிகாவில் வெற்றிலை போட்டிருக்கிறார்கள். நம் பக்கம் போல அகத்தியில் படரவிடுவதில்லை. மூங்கிலும் சணல் குச்சியும் வைத்து நாலு பக்கமும் மேலேயும் அடைத்து, ஓர் அறை மாதிரி கட்டி, அதற்குள் வளர்க்கிறார்கள். செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். கும்பகோணம் வெற்றிலை தவிர வேறெதையும் வாயில் வைக்காத உங்கள் தங்கை அங்கே மூன்று போட்டுக்கொண்டாள். குறை சொல்ல வாய் வரவில்லை. இப்படி ஓர் இடத்தில் இத்தனை சுத்தமாக, இத்தனை சிரிப்போடு மனிதர்கள் வாழ முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஆனாலும் வந்த காரியத்தை மறக்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் பையனின் அம்மா மாலதியிடம் எனக்குத் தெரிந்த வங்காள மொழியில் நேராகவே கேட்டேன். நாலு பிகாவை வைத்துக்கொண்டு பதினொன்று என்று ஏன் சொன்னீர்கள் என்றேன். அக்ஷரா முகம் வெளுத்துவிட்டது. மாலதிக்குக் கோபம் வரவில்லை. நான் என்ன கேட்கிறேன் என்பதே முதலில் விளங்கவில்லை. பிறகு, "பதினொண்ணுதான் தீதி. ஏழு ஆத்துக்கடியில இருக்கு. ஆறுதானே எடுத்துக்கிச்சு, நாங்க வித்துடலையே?" என்றாள்.

உள்ளே போய் ஒரு பால்பவுடர் டப்பாவை எடுத்து வந்தாள். பிளாஸ்டிக் உறையில் சுற்றிய பத்திரம். முழுகிப்போன வயலுக்கு இவள் மாமனார் சாகும்வரை வரி கட்டிய ரசீதுகள். ஆறு ஒருநாள் பின்வாங்கினால் மேடு எழும்பும், அப்போது நமது இது என்று காட்ட வேண்டாமா என்கிறாள். தபன் பாபு வீட்டில் மட்டும் இல்லை. அந்தத் தீவில் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்களாம். பெண் கேட்டு வருகிறவர்களும் அப்படியே கேட்டுக்கொண்டு போவார்களாம். நாம்தான் வெளியாள், நமக்குத் தெரியவில்லை.

திரும்பும்போது அவர்களே படகில் கொண்டுவந்து விட்டார்கள். கரையைவிட்டுக் கொஞ்ச தூரம் வந்ததும் தபன் பாபு மோட்டாரை நிறுத்திவிட்டுத் துடுப்பை எடுத்தார். எஞ்சின் கெட்டுவிட்டதோ என்று பயந்தேன். மாலதி சட்டென்று முந்தானையை இழுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு தலையைக் குனிந்தாள். சுற்றிலும் வெறும் தண்ணீர், ஒரு குச்சிகூட இல்லை. மாப்பிள்ளைப் பையன் பலாஷ்தான் மெதுவாகச் சொன்னான், "தாத்தா வீட்டு முற்றம். அதனால்தான்." மாமனார் வாசலை மோட்டார் சத்தத்தோடு கடக்கக் கூடாதாம். மருமகள் முக்காடு இல்லாமல் போகக் கூடாதாம். முப்பது வருஷமாக அப்படித்தான் போகிறாளாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. நானும் தலையை மூடிக்கொண்டேன். இவர்களையா பொய்யர்கள் என்று சொல்ல வந்தேன் என்று வெட்கமாக இருந்தது. அக்ஷராவின் கையைப் பிடித்து மாலதியின் கையில் அங்கேயே வைத்துவிட்டேன். உங்களைக் கேட்காமல் செய்தது தப்புதான், திட்டுங்கள்.

கல்யாணம் பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை. காலையில் நம் முறைப்படி. மாமன் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வர வேண்டும். மாலையில் அவர்கள் முறைப்படி. அதில் பெண்ணை மணைப்பலகையில் உட்காரவைத்து அண்ணன் தம்பிகளும் மாமன்களும் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளையை ஏழு சுற்றுச் சுற்ற வேண்டுமாம். அக்ஷராவுக்குக் கூடப் பிறந்தவன் இல்லை. உங்கள் இடுப்பு தாங்காது என்று எனக்குத் தெரியும். பலகையில் ஒரு கை வைத்தால் போதும், தூக்குவதற்கு இவர் ஆபீஸ் பையன்கள் இருக்கிறார்கள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு தடவை பேனாவை மூடி வைத்தேன். படகில் மாலதி என்னிடம், உன் அப்பா வீடு எப்படி இருக்கும் தீதி, இருக்கிறதா என்று கேட்டாள். பாபநாசத்தில் இருக்கிறது என்றேன். கிணறு, கொல்லையில் நாலு தென்னை, வடக்குப் பார்த்த சமையலறை, எல்லாம் சொன்னேன். அண்ணன் இருக்கிறார், கல்யாணத்துக்குக் கட்டாயம் வருவார் என்றும் சொன்னேன். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். போன ஆவணியில் அந்த வீட்டை விற்பதற்காக நீங்கள் பென்சிலால் புள்ளி வைத்து அனுப்பிய தாள்களில் நான் கையெழுத்துப் போட்டதும், அதைக் கூரியரில் சேர்த்தது தான்தான் என்பதும் அவருக்கு மறக்குமா? வீட்டை இடித்துவிட்டு அங்கே இப்போது மனை பிரித்துக் கல் நட்டிருக்கிறார்கள் என்று தெரியும். எனக்கு அதில் ஒரு பிடி மண்ணும் வேண்டாம் அண்ணா. இதுவரை கேட்டதில்லை, இனியும் கேட்க மாட்டேன்.

ஆனால் யார் கேட்டாலும் எனக்கு அண்ணன் வீடு இருக்கிறது என்றுதான் சொல்கிறேன். நீங்களும் அண்ணியும் அன்று மண்டபத்துக்குள் கால் வையுங்கள், அண்ணா. நான் சொன்னது பொய்யில்லை என்று ஆகட்டும்.

உங்கள் கையால் குழந்தைக்கு அட்சதை விழ வேண்டும் என்று காத்திருக்கும்,

தங்கை
நாகரத்தினம்