வெனிஸை விட்டுவிடச் சொன்னாயே

ஸ்டுட்கார்ட், ஜூன் 12

அன்புள்ள ருஜேரோவுக்கு,

நீயும் நம் மகள் நோயெமியும் சுகம்தானே? உன் அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். ஆஸ்பத்திரி சமையலறையில் புழுக்கம், வேறொன்றுமில்லை.

கோடைப் பயணத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். எனக்கு ஒரு வாரம்தான் விடுப்பு. வெனிஸ், ஃப்ளாரன்ஸ், ரோம் மூன்றையும் நாம் சேர்ந்து பார்க்க ஆசைப்பட்டேன். "நடக்கிற காரியமா பேசு, லொரெ. வெனிஸ விட்டுடு. ஒரே கூட்டம், தண்ணி வேற நாறும்" என்றாய். மனசில்லாமல்தான் விட்டேன்.

ஞாயிறன்று போனில் நோயெமியிடம் அதைச் சொன்னேன். சிரித்துவிட்டாள். "அப்பா சும்மா சொல்றாரும்மா. நாறவே இல்ல. பாட்டி, சித்தப்பா எல்லாரும் படகுல போனோமே!" என்றவள், சட்டென்று குரலைத் தாழ்த்தி, "ஐயோ, உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க" என்றாள்.

ஈஸ்டருக்கு எனக்கு விடுப்புக் கிடைக்காதபோது போயிருக்கிறீர்கள். போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என்னிடம் மறைக்க ஏழு வயதுக் குழந்தைக்குக் கற்றுக்கொடுத்தீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அவளைத் திட்டாதே.

திட்டத்தை மாற்றிவிட்டேன். ஃப்ளாரன்ஸும் ரோமும் வேண்டாம். அவளுடைய செருப்பு அளவை எழுது, இங்கேயே வாங்கி வருகிறேன். எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்றே எனக்குத் தெரியவில்லை. என் விடுப்பு தொடங்கும் சனிக்கிழமை அவளை போலோன்யா ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்து என்னிடம் விடு. அங்கிருந்து வெனிஸுக்கு நாங்கள் இரண்டு பேர்தான். நீ அடுத்த ரயிலில் வீட்டுக்குத் திரும்பிவிடு.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

லொரெதானா