ரோஸியின் கால் வீக்கம்

14-7-2009, செவ்வாய். விழுப்புரம்.

எழுத நினைத்தவை: 1. டாக்டரம்மா கேட்ட கேள்வி. 2. எனக்குத் தெரியாத பதில். 3. இன்றிரவு ரோஸிக்கு நான் தேவையில்லை என்பது.

என் மனைவி ரோஸியை நேற்று திண்டிவனம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வாயுத் தொல்லை என்று நினைத்தேன். இதயமாம். வந்தால் ஆணான எனக்குத்தான் வரும் என்று இருந்தேன். சிகரெட் பிடித்தவன் நான். வீட்டில் உப்பைக் குறைத்ததும் எனக்காகத்தான். அவளுக்கு இருந்தது வெறும் சர்க்கரை நோய். அந்தச் சர்க்கரை ஆண்களைவிடப் பெண்களின் இதயத்தைத்தான் அதிகம் கெடுக்கும் என்றார் டாக்டரம்மா. பிறகு என்னிடம், "மாசமா இருந்தப்போ இவங்களுக்கு பிரஷர் இருந்ததா? அதுவும் பின்னாடி இதயத்தைப் பாதிக்கும்" என்றார்.

நான் ரோஸியைப் பார்த்தேன். ரோஸி சிரித்தாள்.

"அவருக்கு எப்படிம்மா தெரியும்? தலைப்பிரசவத்துக்கு என்னைக் கெடாருக்கு எங்கம்மா வீட்டுக்கு அனுப்பிட்டு இவரு ஓட்டல்ல தின்னுக்கினு இருந்தாரு. பிரஷர் இருந்துச்சும்மா. காலு ரெண்டும் பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடந்துச்சு."

அம்மா வீட்டில் சுகமாக இருப்பாள் என்று நினைத்திருந்தேன். அந்தக் கால்களை ஒரு முறையாவது என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டிருக்கலாம்.

பெண்கள் வார்டில் இரவு ஆண்கள் தங்கக்கூடாது. மகள் கூட இருக்கிறாள் என்று கடைசி பஸ்ஸில் வந்துவிட்டேன். தூங்குகிறவளை எழுப்புவானேன் என்று போனும் செய்யவில்லை.

இப்போது மகளே கூப்பிட்டாள். "ஏம்பா போன் பண்ணல? அம்மா படுக்காம உக்காந்துக்கினு இருக்குது. நீங்க வீடு போய்ச் சேந்தீங்களான்னு தெரியணுமாம்."

மூன்றாவதாக எழுதியது தவறு.