பதினொரு நாற்காலி

ஜூலை 8, செவ்வாய்

சிட்டு, காலையிலேர்ந்து மழை. துவைச்சது ஒண்ணும் காயல. பெஹாலாத் தெரு முழுக்கத் தண்ணி, பால் வர எட்டரை.

கீழ்வீட்டு ஷொம்பா போனை எடுத்துக்கிட்டு மாடிக்கு ஓடி வந்தா. "தீதி, இதைப் பாரு! உன் தம்பி வாசிச்ச ரிக்கார்டு! மறுபடியும் போடறாங்க!" அந்த பெங்காலிப் பையன்கள் கிடாரும் டிரம்சுமாப் போட்டது, பின்னால வயலின் கோஷ்டி. ஒரு பக்கம் பூரா ஒரே பாட்டா ஓடுமே, அது. புரோகிரெசிவ் ராக்குன்னு பேராம். இப்ப காலேஜ் பிள்ளைங்க தேடித் தேடி வாங்குதாம்.

எனக்குப் பிடிக்காது, உனக்கே தெரியும். நீ அதைப் போட்டா நான் அடுப்படிக்குப் போயிருவேன்.

ஆனா உன் முகத்தைப் பார்க்கணுமே. கண்ணாடி போட்டுக்கிட்டுத் தேடினேன். அட்டைக்குப் பின்னால அதே பழைய போட்டோதான். நாற்காலியில பதினோரு பேர். நீ இல்ல. கீழ்ப்பக்கத்தை வெட்டிட்டான். அடியில ஒரு குச்சி நுனி மட்டும் நீட்டிக்கிட்டு நிக்குது.

உன் வில்லு, சிட்டு.

நீ ஒருத்தன்தானே தரையில உக்காந்தது. சம்மணம் போட்டு, வயலின் தலையைக் கணுக்கால்ல வச்சு வாசிச்சே பழகினவன். நாற்காலின்னா கை வராதுன்னு ஒரே அடம். சிவப்புக் கோடு போட்ட ஜமுக்காளத்தைச் சுருட்டிக் குடுத்தது நான்தான்.

பேரெல்லாம் போட்டிருக்கான். ஷொம்பாவைப் படிக்கச் சொல்லி விரல் விட்டு எண்ணினேன். வயலின் பதினொண்ணு. இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். அதே பதினொண்ணு.

இன்னிக்குச் சோறு இறங்கல.

ஜூலை 9, புதன்

கேஸ் தீர்ந்துபோச்சு. ஷொம்பா வீட்டில காப்பி. அவ மகளை விட்டு ரிக்கார்டு கம்பெனிக்கு போன் போடச் சொன்னேன். "மெயில் பண்ணுங்க"ன்னானாம். அஞ்சாங்கிளாஸ் படிச்சவ நான் மெயில் பண்ணி, அதை அவன் படிச்சு... நேர்ல போறேன்.

உன் வயலின் பெட்டியைத் துடைச்சேன். திறக்கல.

ஜூலை 10, வியாழன்

சால்ட் லேக். ரெண்டு பஸ், ஒரு ஆட்டோ. பழைய ரிக்கார்டை ரெண்டு பிளாஸ்டிக் பையில சுத்தி, மடியிலேயே வச்சிருந்தேன்.

கண்ணாடி ஆபீஸ். ஏசி குளிர்ல பல்லு கிட்டுது. கம்பெனிக்காரனுக்கு முப்பது வயசு இருக்கும், தாடி. "வாங்க மாஷிமா, உக்காருங்க மாஷிமா"ன்னு சித்தி முறை வச்சு, மரியாதைக்குக் குறைச்சல் இல்ல. ஒரு பழைய தாளை எடுத்துக் காட்டினான். ஸ்டூடியோவில அன்னிக்குப் பென்சிலால போட்டது. கட்டம் கட்டமா நாற்காலி, ஒவ்வொண்ணுலயும் ஒரு பேர்.

"பாருங்க மாஷிமா, பதினொண்ணுதான். பன்னெண்டாவது நாற்காலியே இல்ல. அப்புறம் பன்னெண்டாவது ஆள் எங்கேர்ந்து?"

"அவன் நாற்காலியில உக்காரல."

"உக்காராமயா வாசிச்சார்?"

"தரையில உக்காந்தான்."

சிரிச்சான். எனக்கு எரிஞ்சுது பாரு! பழைய அட்டையைப் பிரிச்சு அவன் மூக்குக்கு நேரா நீட்டினேன். நீ உக்காந்திருக்கே. ஆனா முன்னால இருந்த மைக்கு ஸ்டாண்டு வயலினை மறைச்சிருச்சு. முகமும் வில்லும்தான் தெரியுது.

"ஓ, இவரா! டீ குடுக்க வந்தவர்னு நெனச்சோம். போட்டோவுக்குக் குறுக்கால இருந்தாரேன்னு..."

"டீக்காரன் ஜமுக்காளம் விரிச்சு, வில்லு பிடிச்சுக்கிட்டு உக்காருவானா? சரி, டீக்காரன்னே வையி. அவனை மட்டும் வெட்டலாமா?"

என் பெங்காலி கோவத்துல நல்லாவே வருது. பக்கத்து மேஜைக்காரங்க எல்லாம் எழுந்து பார்த்தாங்க. பார்க்கட்டும்.

அவன் அந்த கிடார்க்காரருக்கு போன் போட்டு எனக்கும் கேக்கற மாதிரி வச்சான். அந்த பெங்காலிப் பையன்கள் அஞ்சு பேர்ல இப்ப அவர்தான் மிச்சமாம். குரல் கிழடு தட்டிப்போச்சு. "மெட்ராஸ்காரரா? ஞாபகம் இல்லியே."

ஞாபகம் இல்லியா! நான் போனுக்குள்ள வாயை வச்சு, "செருப்புக் காலோட அவன் ஜமுக்காளத்தை மிதிச்சது யாரு? வில்லைக் கீழ வச்சுட்டு, எல்லாரும் செருப்பைக் கழட்டினாத்தான் வாசிப்பேன்னு உக்காந்துட்டானே, அது யாரு?"ன்னேன்.

கிழவர் சிரிச்சார். "ஷதரஞ்சி-தா! அடடா, நம்ம ஷதரஞ்சி-தா!" இவங்க பாஷையில ஷதரஞ்சின்னா ஜமுக்காளம், தான்னா அண்ணன். "எங்க எல்லாரையும் வெளிய போய்ச் செருப்பைக் கழட்ட வச்சார். ரிக்கார்டு முழுக்க வெறுங்காலோட வாசிச்சோம், தீதி. டிரம்ஸ்காரன் கால் கொப்பளிச்சுப்போச்சு. எப்படி இருக்கார்?"

"செத்துட்டான். நாலு மாசம் ஆச்சு."

போன்ல அவர் என்னமோ சொன்னார். நான் கேக்கல. ஜமுக்காளம் ஞாபகம் இருக்கு, மேல இருந்த ஆளு ஞாபகம் இல்ல.

ஜூலை 11, வெள்ளி

இடுப்பு வலி. மார்க்கெட்டில இலிஷ் மீன் வந்தாச்சு. ஒரு ஆளுக்கு எதுக்குன்னு வாங்கல.

மத்தியானம் தாடிக்காரன் போன். அட்டை அச்சாகிப்போச்சாம். உள்ள ஒரு தனித்தாள் வைப்பாங்களாம், உன் பேரும் முழுப் போட்டோவும் போட்டு. துண்டுச் சீட்டா? பதினோரு பேரும் அட்டையில, என் தம்பி துண்டுச் சீட்டுல. உதறினா விழுந்துடும். கத்தினேன். அடுத்த தடவை அச்சடிக்கும்போது அட்டையிலேயே போடறோம் மாஷிமா, சத்தியம்னான். எழுதிக் குடுன்னேன். குடுக்கறானாம்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கரியாஹாட்டுல ஒரு கடையில வெளியீடு. உன் பேரை மேடையில சொல்வாங்களாம். கூடவே நீ வாசிச்ச இடத்தை ஒரு நிமிஷம் போடுவாங்களாம். "எந்த இடம்னு சொல்லிருங்க மாஷிமா. கர்நாடக சங்கீதக் கை, தனியாத் தெரியுமே. வீட்டில எத்தனை தடவை கேட்டிருப்பீங்க!"

ம்னு சொல்லி வச்சேன்.

ஜூலை 13, ஞாயிறு

வெயில். வெள்ளைப் புடவை வேண்டாம், அந்த நீலமே கட்டலாம். ஜமுக்காளத்தையும் எடுத்துட்டுப் போறேன். மேடையில விரிக்கச் சொல்வேன், செருப்போட ஒருத்தன் ஏறட்டும் பார்ப்போம்.

ஷொம்பா ஸ்பீக்கரைக் கொண்டாந்து, போன்ல அந்த ரிக்கார்டைப் போட்டா. முதல் தடவையா அடுப்படிக்கு ஓடாம முழுசாக் கேட்டேன். ரெண்டு பக்கமும். திருப்பியும். டிரம்ஸ் ஓஞ்சு வயலின் எல்லாம் கிளம்புற இடத்துல ஸ்பீக்கர் பக்கத்துல போய் உக்காந்துட்டேன். நல்லாத்தான்டா இருக்கு. இதை உன்கிட்ட ஒரு தடவை சொல்லிருக்கலாம்.

ஆனா பன்னெண்டும் ஒண்ணாக் கேக்குது. தினமும் விடியக்காலையில இந்தக் கூடத்துல நீ சாதகம் பண்ணித்தான் நான் முழிச்சேன். அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? தெரியல. நாலு தடவை போட்டும் தெரியல.

அன்னிக்கு ரிக்கார்டிங் முடிஞ்சு வந்து நீ சொன்னியே. "பன்னெண்டு பேரும் ஒரே வில்லா இழுத்தோம்க்கா. எது நான்னு ஒருத்தனாலயும் கண்டுபிடிக்க முடியாது!" அப்படி ஒரு சிரிப்பு. நான் பருப்பைக் கடைஞ்சுக்கிட்டே, "இதுல என்னடா பெருமை"ன்னேன்.

போன் அடிக்குது. தாடிக்காரன்தான்.

எந்த இடம்னு சொல்லட்டும், சிட்டு?