பெட்ரோல் வாடை அடித்த சட்டை

ஏங்க,

எங்கள் கம்பெனி வண்டி வந்துவிட்டது, உங்களை எழுப்பிச் சண்டை போட நேரமில்லை. சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சின்னவளைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போங்கள்.

இன்றைக்கு வெல்டிங் வைப்பதற்காக நேற்று பொக்லைன் டேங்கைக் காலி செய்தபோது போட்டிருந்த சட்டையைத் துவைக்க எடுத்தேன். குப்பென்று பெட்ரோல் வாடை. சொன்னதற்கு, "டீசல் டேங்க்டி, தீக்குச்சியக் கிழிச்சு உள்ள போட்டாலும் பத்திக்காது, உன் வேலையப் பாரு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள்.  நான் சட்டையைத் துவைக்காமல் கொடியில் போட்டுவைத்தேன். இப்போது மோந்து பார்த்தால் வாடையே இல்லை. உங்கள் துணியைத் துவைத்துத் துவைத்து என் கை தேய்ந்திருக்கிறது. நாலு தடவை சோப்புப் போட்டாலும் போகாத டீசல், தானாகவா போகும்?

பொக்லைன் டிரைவருடைய டீசல் கேனும் பெட்ரோல் கேனும் ஒரே மாதிரி இருக்கும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? எதை ஊற்றினான் என்று முதலில் அவனைக் கேளுங்கள். டேங்க் காலியானாலும் உள்ளே ஆவி நிற்குமே. நன்றாகக் கழுவி, வாய்வரை தண்ணீர் நிரப்பாமல் அதில் வெல்டிங் வைக்காதீர்கள். முதலாளி அவசரப்படுத்தினால் படுத்தட்டும்.

 இதற்கு மேல் எழுதினால் சொல்லக் கூடாத வார்த்தையெல்லாம் வந்துவிடும்.

சின்னவளுக்குத் தண்ணீர் பாட்டில் மறக்காதீர்கள்.

வெல்டிங் கண்ணாடியைத் தேடி வீட்டைப் புரட்ட வேண்டாம், என் பையில் இருக்கிறது. எங்கள் கம்பெனி கேட்டுக்கு நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். எல்லோர் முன்னாலும் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.