பதினேழாவது கேள்வி

மார்ச் 4

அன்பு அண்ணனுக்கு,

நலம். நீங்களும் அண்ணியும் சௌக்கியமா? போன மாதம் ஒரு வரிகூட எழுதவில்லை நீங்கள். எனக்குக் கோபம்தான்.

இது கொஞ்சம் வேலை விஷயம். எங்கள் கம்பெனித் துணிக்குச் சாயம் போடும் பட்டறைகளுக்கெல்லாம் ஒரு படிவம் வருகிறது. உங்கள் பட்டறைக்கும் வரும். சுற்றுச்சூழல் பிரிவில் அதைப் படிப்பவள் நான்தான். பதினேழாவது கேள்வி, கழிவுநீர் எங்கே போகிறது என்பது. அதில் மட்டும் பூசி மெழுகாதீர்கள். குறை இருந்தால் சரிசெய்ய ஒரு வருடம் தருவார்கள், சுத்திகரிப்பு இயந்திரமும் தருவார்கள். மேலாளரே சொன்னார். என்னை நம்புங்கள்.

உங்கள் தங்கை

மார்ச் 29

தங்கச்சிக்கு,

நீ இளைத்துவிட்டாய் என்று உன் அண்ணி போட்டோவைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். நேரத்துக்குச் சாப்பிடு.

படிவம் வந்தது. பக்கத்துப் பட்டறை நெட்டையர் எட்டிப் பார்த்தார். "சுத்தம் பண்ணித்தான் விடுறோம்னு எழுதிட்டுப் போய்யா. யாரு வந்து மோந்து பாக்கப் போறா?" என்றார். அவர் அப்படித்தான் எழுதினாராம். எனக்கு மனசு கேட்கவில்லை. சாயத் தண்ணீர் நேராக வாய்க்காலுக்குப் போகிறது, கடைசித் தெருக் கிணறுகளில் நிறம் ஏறிவிட்டது, குழந்தைகளுக்குத் தோல் அரிக்கிறது என்று உள்ளபடி எழுதினேன். இயந்திரம் வைக்கப் பின்பக்கம் இடம் ஒழித்தாயிற்று. இருபத்தாறு ஆட்களும் சேர்ந்து மேடைக்குக் கல் சுமந்தார்கள்.

அண்ணன்

ஜூன் 11

அண்ணா,

உங்கள் பட்டறைக்கு வேலை தருவதைக் கம்பெனி நிறுத்திய கடிதம் உங்களுக்கு வந்திருக்கும். நானே நேற்றுதான் பார்த்தேன். ஒரு வருடம் தருவதாகச் சொன்னீர்களே என்று மேலாளரிடம் கேட்டேன். "தப்புன்னு எழுதியே குடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் வெச்சிருந்தா நம்ம பேருதான் கெடும்" என்றார். நூற்று நாற்பது படிவங்களில் குறையை ஒத்துக்கொண்டது நீங்கள் ஒருவர்தான்.

போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். திட்டியாவது எழுதுங்கள்.

தங்கை

ஆகஸ்ட் 20

தங்கச்சிக்கு,

திட்ட என்ன இருக்கிறது? அவர்கள் பேச்சை நீ நம்பினாய், உன் பேச்சை நான் நம்பினேன்.

பட்டறையை மூடிவிட்டேன். நம் வேலையெல்லாம் நெட்டையருக்குப் போயிற்று. நம் ஆட்களில் பத்தொன்பது பேரை அவர் சேர்த்துக்கொண்டார். என்னையும்தான். முதல் நாள் சாயத்தொட்டியருகே நின்றபோது நம் பழைய ஆள் ஒருவர், "தள்ளுங்க முதலாளி, நான் கிண்டுறேன்" என்று கம்பை வாங்க வந்தார். நான் கொடுக்கவில்லை.

தண்ணீர் அதே வாய்க்காலுக்குத்தான் போகிறது, இரண்டு மடங்காக. இதை உனக்கு எழுதலாமா என்று நாலு நாள் யோசித்தேன். வேலை கூடியதால் அவரிடம் மறுபடி படிவம் கேட்டிருக்கிறார்கள். அது உன் கைக்கு வந்தால் ஒன்றும் தெரியாதவள்போல இருந்துவிடம்மா. இன்னொரு தடவை வேலை போனால் அந்த ஆட்கள் முகத்தில் என்னால் விழிக்க முடியாது.

அண்ணன்

செப்டம்பர் 15

அண்ணா,

நெட்டையரின் படிவம் நேற்று வந்தது. "முழுவதும் சுத்திகரித்தே விடுகிறோம்" என்று முத்து முத்தான எழுத்து. அது பொய் என்று தெரிந்தவள் இந்த அலுவலகத்தில் நான் ஒருத்திதான். மதியம்வரை கையிலேயே வைத்திருந்தேன். கடைசித் தெருக் குழந்தைகளை நினைத்தேன். உங்கள் பத்தொன்பது பேரையும் நினைத்தேன்.

சரிபார்த்தாயிற்று என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். மேலாளர் பார்த்துவிட்டு, "இப்படி நாலு பட்டறை இருந்தா போதும்" என்றார்.

நீங்கள் கேட்டதைச் செய்துவிட்டேன். டிசம்பரில் வருவதாக அண்ணியிடம் சொல்லியிருந்தேன். காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த வாய்க்காலைத் தாண்டாமல் உங்கள் வீட்டுக்கு வர வழியில்லை.

தங்கை