வேளாங்கண்ணிக்குப் பத்து லிட்டர் தண்ணீர்

4 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் சைக்கிளைக் கழுவி எண்ணெய் விட்டேன். இந்த வருசம் போவதென்று முடிவு. நேர்ச்சை நேர்ந்து ஆறு வருசமாகிறது. எனக்கு அறுபத்தேழு. இடது முட்டு படியிறங்கும்போது சத்தம் போடுகிறது. இப்போது விட்டால் பிறகு பேருந்துதான். பேருந்தில் வருகிறேன் என்று நான் மாதாவிடம் சொல்லவில்லை.

கொடியேற்றம் 29. தினம் அறுபது கிலோமீட்டர் வைத்தாலும் எட்டு நாள். 22 காலை புறப்படவேண்டும்.

பங்குக் கோயிலிலிருந்து வேன் போகிறது. பையை வேனில் போட்டுவிட்டு வெறுங்கையோடு மிதியுங்கள் என்கிறார்கள். என் நேர்ச்சையை வேன் சுமக்க வேண்டாம்.

6 ஆகஸ்ட்

எடுக்க வேண்டியவை: டியூப் இரண்டு, பம்ப், பஞ்சர் பசை, ஸ்பேனர்கள், பிரேக் கட்டை, செயின் ஒரு துண்டு. போர்வை, தார்ப்பாய், உடுத்தச் சாரம் மூன்று. முட்டுக்குத் தைலம். அவல், கருப்பட்டி. செபமாலை. தண்ணீர், பத்து லிட்டர் கேன்.

வியாகுலம்மாள் கேனைப் பார்த்தாள். "வழி நெடுக டீக்கடை இருக்கு. நீங்க கடலுக்கா போறீங்க?"

என் பெண்டாட்டிக்குத் தெரியாத காரணமா?

9 ஆகஸ்ட்

எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு மணவாளக்குறிச்சி வரை மிதித்துப் பார்த்தேன். தண்ணீர்க் கேனைக் கேரியரின் கடைசியில் கட்டியிருந்தேன். கடலில் எடை பின்னால் இருந்தால் வள்ளம் முகம் தூக்கி அலை ஏறும். சைக்கிளும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். வேகத்தடையில் சைக்கிளும் முகம் தூக்கியது. நான் ரோட்டில். பின் சக்கரத்தில் மூன்று கம்பி போய்விட்டது.

சைக்கிள் கடை ஏசுஅடிமைக்கு என் வயதுதான், வாய்க்கு வயதில்லை. "ஓய் ததேயுஸ், இது சைக்கிளா வள்ளமா? நங்கூரத்தை எங்க வச்சீரு?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"இருவது கிலோவுக்கு மேல இந்தச் சக்கரம் தாங்காது. ஒண்ணு சாமானைக் குறையும், இல்லன்னா உம்ம வயித்தைக் குறையும்."

எனக்குச் சொல்ல வந்துவிட்டான். மூன்றாம் வகுப்போடு நின்று, படகு இன்ஜினைக் கழற்றி மாட்டி நானே படித்தவன் நான்.

10 ஆகஸ்ட்

சாமானை மீன் தராசில் நிறுத்தேன். முப்பத்திரண்டு கிலோ. தார்ப்பாய், செயின், பிரேக் கட்டை, ஒரு சாரம், பாதிக் கருப்பட்டி இவற்றை எடுத்தேன். இருபத்தைந்து. தண்ணீரை இறக்கினால் பதினைந்து.

இறக்கினேன். திரும்ப ஏற்றினேன்.

12 ஆகஸ்ட்

எழுதி வைக்கிறேன். பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

2018 மார்ச். வள்ளத்தில் நானும் வியாகுலத்தின் தம்பி கிளீட்டஸும் மட்டும். நான் இன்ஜின் பார்த்தேன், அவன் சாமான் ஏற்றினான். தள்ளுமுன் "ஆச்சா?" என்று கேட்டேன். "ஆச்சு" என்றான். கரை மறைந்து வெகுதூரம் போனபின் இன்ஜின் நின்றது, என்ன செய்தும் திரும்ப ஓடவில்லை. அப்போதுதான் பார்த்தோம், தண்ணீர்க் கேன் இல்லை. கரையிலேயே நின்றிருக்கிறது.

மூன்று நாள். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. கரை கண்டால் சைக்கிளில் வருகிறோம் அம்மா என்று இரண்டு பேரும் சேர்ந்து நேர்ந்தோம். மறுநாள் ஒரு விசைப்படகு எங்களை இழுத்து வந்தது.

மணலில் கால் வைத்ததும் கேட்டேன்: "தண்ணி ஆச்சுன்னு சொன்னியேலே?"

"இன்ஜினுக்கு மண்ணெண்ணெய் ஆச்சான்னு கேக்கீங்கன்னுல்லா நெனச்சேன் அத்தான். தண்ணி நீங்க எடுக்கதுதானே?"

ஊர் கூடி நிற்கும்போது, நான் எடுப்பது என்கிறான். அதோடு பேச்சு முடிந்தது. எதிரே வந்தால் அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

சரி, நான் என்ன கேட்டேன்? ஆச்சா என்று. தண்ணீர் என்று சொன்னேனா? சொல்லவில்லை. சொல்லணுமாக்கும்? இருவது வருசம் கூட வந்தவனுக்கு ஒவ்வொண்ணா சொல்லணுமா?

சொல்லவில்லை. அது உண்மை.

15 ஆகஸ்ட்

மாதா பெருநாள். கோயிலில் கிளீட்டஸ் மூன்று வரிசை முன்னால். முதுகு வளைந்துவிட்டது.

17 ஆகஸ்ட்

கனத்த கம்பி போடச் சொல்லிச் சக்கரத்தைக் கொடுத்திருந்தேன். எடுக்கப் போனால் கடையில் இன்னொரு சைக்கிள் நிற்கிறது. பின் சக்கரத்தில் கம்பி போயிருக்கிறது. கேரியரின் கடைசியில் பத்து லிட்டர் கேன்.

"யாருக்கது?"

"உம்ம மச்சினனுக்கது. அவனும் வேளாங்கண்ணிக்காம். தண்ணிய எறக்குலேன்னா கேக்க மாட்டேங்கான். உங்க குடும்பத்துக்குக் கொழாத்தண்ணி ஆகாதா ஓய்?"

கேனைத் தூக்கிப் பார்த்தேன். தண்ணீர் நிறைந்திருந்தது.

வீட்டில் வந்து, உனக்குத் தெரியுமா என்று வியாகுலத்திடம் கேட்டேன். "ரெண்டு வீட்டு அவலையும் நாந்தானே வறுத்தேன்" என்றாள்.

19 ஆகஸ்ட்

நான் அவன் வீட்டுக்குப் போக மாட்டேன். அதில் மாற்றமில்லை. ஆனால் ஒரே ரோட்டில் போகிற இரண்டு சைக்கிளுக்கு இரண்டு பம்ப் அறிவில்லாத வேலை. அதை மட்டும் உன் தம்பியிடம் சொல் என்றேன். செருப்பைக் கூட ஒழுங்காக மாட்டாமல் ஓடினாள்.

திரும்பி வந்து சொன்னாள்: "பம்ப் அவன் எடுக்கான். ஸ்பேனர் நீங்களாம். தண்ணி ஆளுக்கு அஞ்சு லிட்டராம்."

"தண்ணியை அவனே எடுக்கலாமே?"

"கேட்டேன். ரெண்டு பேரும் எடுக்கணுமாம்."

சரி என்று நான் சொல்லவில்லை. பெரிய கேனைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அஞ்சு லிட்டர் கேனோடு நிறுத்தால் பத்தொன்பதரை.

22 ஆகஸ்ட், வியாழன். மதியம்

கூடங்குளம் தாண்டி ஒரு வேம்பின் நிழல். முட்டு பரவாயில்லை. காற்று பின்னால். கம்பி ஒன்றும் போகவில்லை. கிளீட்டஸ் குறட்டை விடுகிறான், அதுவும் மாறவில்லை.

காலையில் சிலுவை நிற்கும் குருசடி முக்கில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். நானும் நின்றேன். வியாகுலம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் என் கேரியரைப் பார்த்துக்கொண்டே, "ஆச்சா அத்தான்?" என்றான்.

"எது?" என்றேன்.

அவன் என் கேரியர்க் கயிற்றை இழுத்துப் பார்த்தான்.

"தண்ணி."

"ஆச்சு" என்றேன்.