கம்பி உறுமிய காலை

அன்புள்ள அம்மாவுக்கு,

ரெய்னோ வணக்கத்துடன் எழுதுவது. எனக்கு ஒரு குறையுமில்லை. பனி உருகிய பிறகாவது உன் முழங்கால் வலி விட்டதா?

ஞாயிறன்று, உருக்காலையில் என்னோடு வேலை பார்க்கும் காஸிமிர், டெட்ராய்ட் ஆற்றில், இங்கே ‘வால்ஐ’ என்று சொல்லும் ஒருவகை மீன் பிடிக்க அழைத்துப்போனான். இங்கே தூண்டில் கழி கிடையாது. மெதுவாகப் போகும் படகிலிருந்து எஃகுக் கம்பியைக் கையிலேயே பிடித்து இழுக்க வேண்டும். அடியில் ஈயக்குண்டு, அதற்கு மேலே இரண்டு தூண்டில் நரம்புகள், அவற்றின் நுனியில் முள் வைத்த போலி மீன்கள். நான் இரண்டு நரம்பையும் ஒரே நீளத்தில் கட்டிவிட்டேன். ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு வந்தன.

“ரெண்டும் கட்டிப்புடிச்சுத் தூங்கவாடா ஆத்துல விட்ட? ஒண்ணை நீளமா விடு!” என்றான் காஸிமிர்.

மாற்றிக் கட்டியதும், அம்மா, கம்பி வழியாக ஆற்றின் தரையையே விரலால் தடவினேன்! சரளை, சேறு, சிப்பி எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. அப்போது நல்ல மூடுபனி. திடீரென்று கம்பி, மடியில் படுத்த பூனைபோல் உறுமியது.

“மீனா?” என்றேன்.

“கப்பல்டா! குண்டைத் தூக்கு!”

கரையோரம் ஒதுங்கினோம். அதற்குப் பிறகுதான், நம் தெருவைவிட நீளமான இரும்புத் தாதுக்கப்பல் ஒன்று பனிக்குள்ளிருந்து வந்தது. கண்ணுக்கும் காதுக்கும் எட்டாதது விரலுக்கு எட்டிவிட்டதே! பயப்படாதே, தள்ளித்தான் போனது.

அப்பாவின் கம்பளிக் கையுறையை அனுப்பு. சுட்டுவிரல் இடத்தை நானே வெட்டிக்கொள்கிறேன். இனிமேல் பேனாவில் எழுதாதே, அம்மா. பென்சிலால் நன்றாக அழுத்தி எழுது. தாளின் பின்பக்கத்தைத் தடவிப் பார்ப்பேன்.

ஆலைச் சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

உன் ரெய்னோ